துணையில்லாமல் வெளியே போக முடியாதபோது: அகோராபோபியாவை அறிந்துகொள்ளுதல்

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்ரயிலில் வேலைக்குப் போய்வரும் 29 வயதுப் பெண் ஒருவரை இந்தக் கட்டுரைக்காகக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாள் காலை, கிண்டியைத் தாண்டியதும் அடையாற்றுப் பாலத்தின்மேல் சிக்னலுக்காக வண்டி நின்றுவிடுகிறது. மகளிர் பெட்டியில் திரும்பி நிற்கக்கூட இடமில்லாத நெரிசல். திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல்நுனிகள் மரத்துப்போகின்றன, பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சு எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்கிறது. உயிர் போகப்போகிறது என்றே அவர் நம்புகிறார். சில நிமிடங்களில் வண்டி நகர்ந்து சைதாப்பேட்டை வந்துவிட, இறங்கி நடைமேடை பெஞ்சில் உட்காருகிறார். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அன்று மாலை எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. வாயுவாக இருக்கலாம் என்று ஒரு மாத்திரையும், காலையில் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்ற அறிவுரையும் கிடைக்கின்றன.

இதுவரை நடந்ததை வைத்து அவருக்கு எந்த மனநோயும் இருப்பதாகச் சொல்ல முடியாது. இப்படி ஒரு முறை வந்து, அதன் பிறகு வாழ்நாளில் வராமலே போனவர்கள் பலர் உண்டு. பார்க்க வேண்டியது அடுத்து வந்த மாதங்களை. மறுநாள் ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போகிறார். கொஞ்ச நாளில் பேருந்திலும் படிக்கட்டுக்கு அருகில் இடம் கிடைத்தால்தான் ஏறுகிறார். பிறகு கணவர் பைக்கில் கொண்டுவிடுகிறார். கல்யாண மண்டபத்தில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலி, சினிமாக் கொட்டகையில் ஓர இருக்கை, கோயிலில் இரும்புக் கம்பித் தடுப்புக்குள் போகும் தர்ம தரிசன வரிசை என்றால் கோபுர தரிசனத்தோடு திரும்பிவிடுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. கைப்பையில் தண்ணீர் பாட்டிலும் புதினா மிட்டாயும் யாரோ கொடுத்த அரை மாத்திரையும் இல்லாமல் அவர் வாசல்படி தாண்டுவதில்லை. எட்டு மாதம் கழித்து, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றைத் தேடிக்கொள்கிறார். வீட்டில் யாருக்கும் இது நோயாகத் தெரியவில்லை. 'அவளுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த எட்டு மாதத்தில் உருவாகியிருப்பதைத்தான் மருத்துவம் அகோராபோபியா என்று அழைக்கிறது. பாலத்தின்மேல் வந்தது பீதித் தாக்குதல். பேச்சு வழக்கில் இரண்டையும் 'பேனிக்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். நோயைக் கண்டறிவதற்கோ இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பெயர் வந்த கதை

அகோரா என்பது பண்டைய கிரேக்க நகரங்களில் மக்கள் கூடும் இடம். சந்தையும் அதுதான், சபையும் அதுதான். 1871இல் பெர்லினைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால், அகன்ற சதுக்கங்களையும் ஆளில்லாத தெருக்களையும் கடக்க முடியாமல் தவித்த சில ஆண்களைப் பற்றி எழுதியபோது இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில் வியன்னாவில் மோரிட்ஸ் பெனடிக்ட் என்ற மருத்துவர் இதே நிலையை ஒரு வகைத் தலைசுற்றல் என்று விவரித்திருந்தார். வெஸ்ட்பால் அதை ஏற்கவில்லை. இவர்களுக்குத் தலை சுற்றவில்லை, இவர்களைப் பிடித்திருப்பது அச்சம் என்பது அவர் கண்டது. தலைசுற்றல் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓராண்டு அலைந்த பிறகே மனநல மருத்துவரிடம் வந்துசேரும் இன்றைய நோயாளிகளைப் பார்த்தால், அந்தப் பழைய விவாதம் இன்னும் தீரவில்லையோ என்று தோன்றுகிறது.

வெஸ்ட்பாலின் குறிப்புகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. கூட யாராவது வந்தால் அந்த நோயாளிகளால் அதே சதுக்கத்தைக் கடக்க முடிந்தது. முன்னால் ஒரு வண்டி போனாலோ, கையில் ஒரு ஊன்றுகோல் இருந்தாலோகூடப் போதுமாக இருந்தது. பீரோ வைனோ குடித்துவிட்டுக் கடந்தவர்களும் உண்டு. பெர்லினின் ஊன்றுகோலுக்கும் தாம்பரத்துக் கைப்பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தமிழில் இதைத் 'திறந்தவெளி அச்சம்' என்று மொழிபெயர்க்கும் வழக்கம் உண்டு. சொல்லுக்குச் சொல் சரியான அந்த மொழிபெயர்ப்பு, பொருளில் பாதியைத் தவறவிட்டுவிடுகிறது. மின்ரயில் பெட்டியும் லிஃப்டும் திறந்தவெளிகள் அல்ல. ஆனால் அகோராபோபியா உள்ளவர்கள் மிக அதிகமாக அஞ்சும் இடங்களில் அவையும் அடங்கும். இடம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைவிட, அந்த இடத்தில் மனத்துக்குள் எழும் கேள்வியே இந்த நோயின் அடையாளம்: 'இங்கே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடனே வெளியேற முடியுமா? உதவிக்கு யார் இருக்கிறார்கள்?' மெரினாவின் அகன்ற மணற்பரப்பும் முடிதிருத்தும் கடையின் நாற்காலியும் ஒரே பட்டியலில் வருவது இதனால்தான்; கழுத்தில் துணியைக் கட்டிவிட்ட பிறகு பாதியில் எழுந்து ஓட முடியாதே!

உடலுக்குள் என்ன நடக்கிறது

பீதித் தாக்குதல் என்பது உடலின் அபாய மணி, அபாயம் இல்லாதபோது அடித்துவிடுவது. பாம்பைக் கண்டால் என்ன நடக்குமோ அதுவேதான் நடக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ஓடுவதற்கான ரத்தம் பெரிய தசைகளுக்குப் போகிறது, மூச்சு வேகமாகிறது. ஓடாமல் நின்ற இடத்திலேயே வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்துவிடுகிறது. அதனால் மூளையின் ரத்த நாளங்கள் சற்றே சுருங்குகின்றன. தலை கிறுகிறுப்பதும், விரல்நுனியும் உதட்டைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவதும், சுற்றியிருப்பவை நிஜமில்லாதவை போலத் தோன்றுவதும் பெரும்பாலும் இதன் விளைவுகள். மூச்சுக் காற்று போதவில்லை என்று தோன்றும்போது உண்மையில் அவர் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுபவர்கள் அப்படி விழுவது அரிது. பீதியின்போது ரத்த அழுத்தம் பொதுவாகக் கூடுகிறது, மயக்கமோ அது குறைவதால் வருவது. 'லோ பிரஷர்' என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதில் பயனில்லாமல் போவதும் இதனால்தான்.

தாக்குதல் சில நிமிடங்களிலேயே உச்சத்தைத் தொடுகிறது, பிறகு தானே வடிந்துவிடுகிறது. நடு இரவில் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பும் தாக்குதல்களும் உண்டு. வெளியே எந்தக் காரணமும் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மாடிப்படி ஏறியதால் வந்த படபடப்பாக இருக்கலாம், காபி குடித்ததால் வந்ததாக இருக்கலாம். அதை ஒருவர் 'மாரடைப்பு வரப்போகிறது' என்று தவறாகப் பொருள்கொள்கிறார். அந்த எண்ணம் அச்சத்தைக் கூட்டுகிறது, அச்சம் படபடப்பைக் கூட்டுகிறது, கூடிய படபடப்பு அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவருக்கு இரண்டு மூன்று நிமிடமே போதும்.

தவிர்ப்பு எப்படி வேர்பிடிக்கிறது என்பதற்கான விளக்கம் அதற்கும் பழையது. ரயிலில் ஏறாமல் திரும்பிவிட்டால் அந்தக் கணமே மனம் லேசாகிறது. அந்த நிம்மதி ஒரு பரிசுபோல் வேலை செய்து, அடுத்த முறையும் திரும்பிவிடச் சொல்கிறது. ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அறியும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கை நழுவிப்போகிறது. 1940களில் ஓ. ஹோபார்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த இந்தக் கருத்தில் பிற்காலத்தவர் பல திருத்தங்கள் செய்திருக்கிறார்கள். ஆனாலும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எடுத்துச்சொல்ல இதைவிட எளிதானதை நான் படித்ததில்லை.

தாக்குதலும் அதைப் பற்றிய முன்கூட்டிய அச்சமும் வெவ்வேறு என்பது தெரியவந்த விதம் சுவையானது. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் என்ற மருத்துவர், அடிக்கடி பீதிக்கு ஆளான உள்நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் கழித்து, தங்களுக்கு எந்த முன்னேற்றமும் இல்லை என்றே நோயாளிகள் கூறினார்கள். ஆனால் சாகப்போகிறேன் என்று நாளுக்குப் பல முறை செவிலியர் அறைக்கு ஓடிவந்தவர்கள் இப்போது வருவதில்லை என்பதைச் செவிலியர்கள் கவனித்திருந்தார்கள். தாக்குதல் நின்றிருந்தது, அது வந்துவிடுமோ என்ற அச்சமும், வெளியே போகத் தயங்குவதும் நிற்கவில்லை. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, திரும்பத் திரும்ப வரும் பீதித் தாக்குதல்களைப் பீதிநோய் என்ற தனி நோயாகப் பட்டியலிட்டதற்கு இத்தகைய அவதானிப்புகள் வழிவகுத்தன. அகோராபோபியா அந்தக் கையேட்டில் பீதிநோயிலிருந்து முழுமையாகப் பிரிந்து தனித் தலைப்பாக நின்றது 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான்.

மருத்துவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்

இந்த நோயைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர் கேட்கும் கேள்விகளும் நீங்கள் சொல்லும் பதில்களும்தான் பரிசோதனை. ஆகவே அவர் எதைத் தேடுகிறார் என்பது முன்பே தெரிந்திருந்தால் பேச்சு எளிதாகும்.

அந்த அமெரிக்கக் கையேட்டின்படி, பீதித் தாக்குதல் என்று சொல்வதற்கு 13 அறிகுறிகள் கொண்ட பட்டியலில் குறைந்தது 4 சேர்ந்து வந்திருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சுவலி, குமட்டல், கிறுகிறுப்பு, குளிர் அல்லது உடல் சூடாவது, மரத்துப்போதல், தன்னையோ சூழலையோ நிஜமில்லாததாக உணர்தல், கட்டுப்பாடு இழந்துவிடுவோம் என்ற அச்சம், செத்துவிடுவோம் என்ற அச்சம் ஆகியவை அந்தப் பதின்மூன்று. இவை எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையோ அதற்காக நடத்தையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால் அது பீதிநோய்.

அகோராபோபியாவுக்கு ஐந்து வகைச் சூழல்கள் பார்க்கப்படுகின்றன. பேருந்து, ரயில் போன்ற வாகனங்கள்; மைதானம், பாலம் போன்ற திறந்த இடங்கள்; கடை, திரையரங்கு போன்ற மூடிய இடங்கள்; வரிசையும் கூட்டமும்; வீட்டுக்கு வெளியே தனியாக இருப்பது. இவற்றில் குறைந்தது இரண்டிலாவது அநேகமாக ஒவ்வொரு முறையும் அச்சம் எழ வேண்டும். அவர் அவற்றைத் தவிர்க்க வேண்டும், அல்லது துணையோடு மட்டும் போக வேண்டும், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்க வேண்டும். பொதுவாக இது 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்கவும் வேண்டும். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, மாதக் கணக்கை இவ்வளவு இறுக்கமாகச் சொல்லாமல், பல மாதங்கள் என்று விடுகிறது. சாரம் ஒன்றுதான்.

பீதித் தாக்குதல் ஒன்றுகூட வராதவருக்கும் அகோராபோபியா இருக்கலாம் என்பது பலரை வியக்கவைக்கும். நெடுந்தூரப் பேருந்தில் வயிறு கலங்கினால் என்ன செய்வது என்ற அச்சத்தால் பல ஆண்டுகளாக ஊருக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை வழுக்கி விழுந்ததிலிருந்து தெருவில் கால் வைக்காத முதியவர்கள் இருக்கிறார்கள். உண்மையான உடல்நலக் குறைவு இருந்தாலும், அதற்குத் தேவையான எச்சரிக்கையைக் காட்டிலும் அச்சம் மிகப் பெரியதாக இருந்தால் இந்த நோய் இருக்கிறதா என்று பார்ப்பது முறை.

அதே சமயம், நியாயமான அச்சத்துக்கு நோய் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. விளக்கில்லாத தெருவில் இரவு பத்து மணிக்குத் தனியாக நடக்க ஒரு பெண் அஞ்சினால், சரிசெய்ய வேண்டியது அந்தத் தெருவை. அவர் பட்டப்பகலில், தெரிந்த கடைத்தெருவில், ஐந்து நிமிட நடைக்கு அஞ்சினால்தான் மருத்துவரின் கேள்விகள் தொடங்குகின்றன.

தவிர்ப்பது ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதால், 'ஏன்' என்ற கேள்வியை மருத்துவர் விடாமல் கேட்பார். நான்கு பேர் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறர் தன்னை மதிப்பிடுவார்கள், கேலி செய்வார்கள் என்று ஒருவர் கூசினால் அது சமூகப் பதற்றத்தின் பக்கம் போகிறது. எதிலும் நாட்டமே இல்லை என்றால் மனச்சோர்வைப் பார்க்க வேண்டும். அதே மண்டபத்தில் முன்பு ஒரு விபத்தையோ வன்முறையையோ சந்தித்தவர் என்றால் காரணம் அந்த அதிர்ச்சியின் வடுவாக இருக்கலாம். உள்ளே மாட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் போய்விடும் என்று அஞ்சுபவரிடம்தான் அகோராபோபியாவைத் தேட வேண்டும். இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும்; குறிப்பாக, நெடுநாள் வீட்டுக்குள் அடைபட்டவருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது வழக்கம்.

உடல் நோய்களை முதலில் விலக்கிவிடுவது கட்டாயம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டாலும், ரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும், உள்காதில் கோளாறு இருந்தாலும், மதுவையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தினாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் வரலாம். ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் போன்ற சில எளிய பரிசோதனைகள் பெரும்பாலோருக்குப் போதுமானவை. ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: முதன்முறையாக நெஞ்சுவலி வரும்போது, அதிலும் நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு வரும்போது, இது பீதிதான் என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதே சரி. ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை ஒழுங்காக உறுதிசெய்த பிறகு, மாதம் ஒரு ஈசிஜி, வருடம் ஒரு எக்கோ என்று தேடிக்கொண்டே இருப்பதும் நோயின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 'ஒன்றுமில்லை' என்ற பதில் தரும் ஆறுதல் ஒரு வாரம்கூட நிற்பதில்லை.

நம் வீடுகளில் இது ஏன் மறைந்துவிடுகிறது

பீதிநோயும் அகோராபோபியாவும் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகின்றன; பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலிருந்து முப்பதுகளுக்குள் தொடங்குகின்றன. நம் ஊரில் அந்த வயதுப் பெண் தனியாக வெளியே போகாமல் இருப்பது யாருக்கும் வினோதமாகத் தெரிவதில்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்றும், வீட்டோடு இருப்பது அடக்கம் என்றும் பெயர் பெற்றுவிடுகின்றன. ஐந்து ஆண்டுகளாகத் தனியாக மளிகைக் கடைக்குப் போகாத பெண்ணை 'குடும்பப் பாங்கானவள்' என்று பாராட்டும் சமூகத்தில், அவர் தன் நோயைத் தானே அறிந்துகொள்வதுகூடக் கடினம். மருத்துவர் 'வெளியே போவீர்களா' என்று கேட்டால், 'போவேன், இவரோடு போவேன்' என்று உண்மையாகவே பதில் சொல்வார். 'தனியாகப் போவீர்களா, கடைசியாகத் தனியாகப் போனது எப்போது' என்று கேட்டால்தான் நோய் வெளிப்படும். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆண்களிடம் இது வேறு வேடத்தில் ஒளிந்துகொள்கிறது. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, 'நெஞ்செரிச்சல்', 'தலை ஒரு மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். ஊருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன் ஒரு கட்டிங் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு மூலக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பதை வெஸ்ட்பாலின் நோயாளிகளை நினைத்துப் பார்த்தால் புரியும். மது அந்த ஒரு மணி நேரத்துக்கு அச்சத்தை அடக்கி, போதை இறங்கும்போது வட்டியோடு திருப்பித் தருகிறது.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் செய்திருக்கும் குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கை நடுங்குகிறது, உடல் பலமில்லை என்றால் சத்து ஊசி போட்டு அனுப்பிவிடும் பழக்கம் சிறிய ஊர்களில் இன்னும் இருக்கிறது. பயந்த கோளாறு என்று மந்திரித்துத் திருநீறு பூசுவதால் கெடுதல் இல்லை. மனத்துக்குத் தெம்பும் கிடைக்கலாம். அதோடு நின்றுவிடுவதால்தான் ஆண்டுகள் வீணாகின்றன. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பேச்சு வழியிலும் பயிற்சி வழியிலும் சிகிச்சை தருவார். இந்த நோய்க்குப் பல நேரங்களில் இருவரும் தேவைப்படுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகத்தின் பெயர் பலருக்குத் தயக்கத்தைத் தரலாம். அங்கும் வெளிநோயாளியாகப் போய், பார்த்துவிட்டு, அன்றே வீடு திரும்பலாம்.

வெளியே போக முடியாததே நோயாக இருக்கும்போது, நோயைக் காட்ட வெளியே போ என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கிறது. அதற்குத்தான் தொலைபேசி. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926. காணொளி வழியே பார்க்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். முதல் சந்திப்பை வீட்டிலிருந்தே முடித்துக்கொண்டு, பிறகு நேரில் போவதில் தவறேதும் இல்லை.

ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொண்டு போனால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். முதல் தாக்குதல் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஒன்று. முன்பு போய், இப்போது போகாமல் விட்ட இடங்கள் இரண்டாவது. மூன்றாவது, பெரும்பாலோர் சொல்ல மறப்பது: எவையெல்லாம் இருந்தால் போகிறீர்கள்? கணவரா, பாட்டிலா, மாத்திரையா, வாசல் பக்கத்து இருக்கையா? எடுத்துக்கொள்ளும் மருந்துகள், காபி, மது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பவற்றையும் கேட்பார்கள். மருத்துவர் எழுதும் சீட்டில் எஃப் 40.0 என்று குறித்திருந்தால் அது பழைய, பத்தாம் பதிப்பு வகைப்பாட்டில் அகோராபோபியாவின் எண், எஃப் 41.0 பீதிநோயின் எண். வேறு பயங்கரமான பொருள் எதுவும் அதில் இல்லை.

மருந்தைப் பொறுத்தவரை செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை வழக்கமாக முதலில் தரப்படுகின்றன. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள்களில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதனால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகள் உடனே அமைதி தரும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும் தன்மையும் அவற்றுக்கு உண்டு. கைப்பையில் கிடந்த அந்த அரை மாத்திரை அநேகமாக இதுதான். மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்குத் தந்தால் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டார் தந்ததை எடுத்துக்கொள்ளக் கூடாது, நாள்பட எடுத்தவர் திடீரென நிறுத்தவும் கூடாது.

மருந்தோடு சேர்த்தோ மருந்தில்லாமலோ தரப்படும் பயிற்சிச் சிகிச்சையின் அடிப்படை, விட்டுப்போன இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்புவது. எளிதானதிலிருந்து கடினமானது வரை ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் அச்சம் எழுந்து தானே வடியும் வரை அங்கேயே இருந்து பழகுகிறார்கள். நின்ற இடத்தில் ஓடச் சொல்லியும், நாற்காலியில் வைத்துச் சுற்றியும், படபடப்பையும் கிறுகிறுப்பையும் வேண்டுமென்றே வரவழைத்து, அவை ஆபத்தற்றவை என்று உணரவைக்கும் பயிற்சிகளும் இதில் உண்டு. வீட்டார் துணைக்குப் போவதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதில்லை. சிகிச்சையாளரோடு பேசி, அளந்து குறைக்கச் சொல்கிறார்கள்.

நம் கற்பனைப் பெண்ணின் பட்டியல் இப்படித் தொடங்கலாம். முதல் வாரம், தாம்பரம் நடைமேடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துவிட்டுத் திரும்புவது. அடுத்து, கூட்டமில்லாத நண்பகலில் சானடோரியம் வரை ஒரே ஒரு நிலையம் போவது; கணவர் அதே வண்டியில் பொதுப் பெட்டியில் இருக்கலாம். அடுத்து அதையே அவர் இல்லாமல், அதன் பின் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல். பிறகு குரோம்பேட்டை, பல்லாவரம். அடையாற்றுப் பாலம் பட்டியலின் கடைசியில் இருக்கும். தாம்பரத்துக்கும் அதற்கும் நடுவே எட்டு நிலையங்கள் இருக்கின்றன.